உதைபந்தும் ஊரும்: மன்னார்க் கரையோரக் கழகங்களின் எழுதப்படாத வரலாறு

மன்னார்த் தீவிலும் அதன் எதிர்க்கரையிலும் உள்ள எந்தக் கடலோரக் கிராமத்துக்குப் போனாலும் ஒரு கோயில் இருக்கும், ஒரு பள்ளிக்கூடம் இருக்கும், வள்ளங்கள் இழுத்துவிடப்பட்ட கரை இருக்கும். இவற்றுக்கு இடையே எங்கேனும் ஒரு வெளியில் கோல் கம்பங்களும் நிற்கும். பின்னேரம் வெயில் தணிந்ததும் அந்த வெளியில் ஊரின் இளைஞர் பாதிப்பேரையும், கரையோரத்தில் குந்தியிருக்கும் முதியவர் பலரையும் காணலாம்.

கிராம அபிவிருத்தி பற்றிப் பேசும் நாம் ஓர் ஊருக்குப் போனால் முதலில் எதைக் கணக்கெடுக்கிறோம்? எத்தனை கிணறு, எத்தனை மலசலகூடம், எத்தனை வள்ளம், எத்தனை இயந்திரம் என்று கேட்கிறோம். கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தையும் மாதர் சங்கத்தையும் கிராம அபிவிருத்திச் சங்கத்தையும் விசாரிக்கிறோம். உதைபந்தாட்டக் கழகத்தைப் பற்றிக் கேட்பவர் மிகக் குறைவு. அது பொடியன்களின் பொழுதுபோக்கு என்று விட்டுவிடுகிறோம். ஆனால் வெளியார் யாரும் வந்து தூண்டாமல், நிதி தருவோர் ஒருவரும் இல்லாமல், ஊரவர் தாமே தொடங்கித் தாமே நடத்தி, தலைமுறை மாறியும் நிலைத்திருக்கும் அமைப்பு எது என்று தேடினால், பல ஊர்களில் அது இந்தக் கழகமாகவே இருக்கும். அதனால் இம்முறை எமது பக்கங்களில் அதன் வரலாற்றைப் பார்ப்போம்.

பந்து வந்த வழி

ஆங்கிலேய படையினரும் மாலுமிகளும் உத்தியோகத்தரும் 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் இலங்கைக்குக் கொண்டுவந்த விளையாட்டு இது. முதலில் கொழும்பில் வேரூன்றிப் பின்னர் பாடசாலைகள் வழியாக நாடெங்கும் பரவியது. இலங்கை உதைபந்தாட்டச் சங்கம் 1939இல் உருவாயிற்று. கிரிக்கெட் வசதியுள்ள கல்லூரிகளின் விளையாட்டாக இருந்த காலத்தில், ஒரேயொரு பந்து இருந்தால் இருபத்திரண்டு பேர் ஆடலாம் என்ற காரணத்தால் உதைபந்தாட்டம் ஏழை ஊர்களைச் சென்றடைந்தது.

சப்பாத்து இல்லாதது ஒரு தடையாக இருக்கவில்லை. 1911ஆம் ஆண்டு ஜூலை 29இல் கல்கத்தாவில் மோகன் பகான் அணி, கிழக்கு யோர்க்சயர் படைப்பிரிவின் அணியை 2-1 என்று வென்று ஐ.எப்.ஏ. கேடயத்தைப் பெற்றது. வென்ற அணியில் சப்பாத்து அணிந்திருந்தவர் ஒருவர் மட்டுமே. மற்றப் பத்துப் பேரும் வெறுங்காலுடன் ஆடினார்கள். கடற்கரை மணலில் ஆடிப் பழகியவர்களுக்கு இது வியப்பான செய்தியாக இராது. மணலில் ஓடி உரமேறிய காலுக்குப் புற்றரையில் ஓடுவது இலகு.

எமது கரையில் கழகங்களின் பெயர்களைக் கவனித்தால் ஓர் உண்மை புலப்படும். பள்ளிமுனையில் கோயிலும் புனித லூசியாவின் பெயரில், கழகமும் புனித லூசியாவின் பெயரில். வேறு பல ஊர்களிலும் இதே வழக்கம் உண்டு. பங்கின் எல்லை எதுவோ அதுவே அணியின் எல்லையாக இருந்தது. கோயில் திருவிழாவை ஒட்டிச் சுற்றுப்போட்டி நடத்துவதும் வழமையாயிற்று. நகரில் புனித சவேரியார் ஆண்கள் கல்லூரி போன்ற பாடசாலைகளில் ஆட்டத்தின் நுட்பங்களைக் கற்ற மாணவர், பின்னேரம் ஊருக்குத் திரும்பித் தம்பிமாருக்கு அவற்றைச் சொல்லிக் கொடுத்தார்கள்.

மன்னார் வளைகுடாவுக்கு அப்பால், கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையிலும் இதே நிலையைக் காணலாம். தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை ஆகிய கிராமங்கள் ஆழ்கடல் மீன்பிடிக்குப் பெயர்போனவை. உதைபந்தாட்டத்துக்கும் அவ்வாறே. 2019இல் இந்திய தேசிய அணிக்கு ஆடிய மைக்கேல் சூசைராஜ் இரவிபுத்தன்துறையைச் சேர்ந்தவர். 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலில் ஏராளமான கடற்றொழிலாளரைப் பறிகொடுத்ததும் அதே கரைதான். கடலோடிகளுக்கும் இந்த ஆட்டத்துக்கும் உள்ள உறவை விளங்கிக்கொள்வது கடினமல்ல. வள்ளத்தில் ஒருவன் தன் வேலையைத் தவறவிட்டால் எல்லோரும் ஆபத்துக்குள்ளாவார்கள். அணியாக நின்று உழைப்பது அவர்களுக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டிய பாடமல்ல.

கழகம் கற்றுத்தரும் பாடங்கள்

ஒரு சுற்றுப்போட்டியை நடத்துவதற்கு என்னென்ன வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். அழைப்புக் கடிதம் எழுத வேண்டும். நுழைவுக் கட்டணம் வாங்கிப் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டும். பக்கச்சார்பற்ற நடுவரை ஒழுங்குசெய்ய வேண்டும். ஒலிபெருக்கி, குடிதண்ணீர், முதலுதவி, வெளியூர் அணிக்குத் தேநீர் எல்லாம் பார்க்க வேண்டும். ஆட்சேபம் எழுந்தால் விசாரித்துத் தீர்ப்புச் சொல்ல ஒரு குழு வேண்டும். ஈற்றில் வரவு செலவைப் பொதுக்கூட்டத்தில் வாசிக்க வேண்டும்.

திட்டமிடல், நிதி முகாமைத்துவம், பிணக்குத் தீர்த்தல் என்று நாம் பயிற்சிப் பட்டறைகளில் கற்பிப்பவை யாவும் இதற்குள் அடங்கிவிடுகின்றன. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக் கடலுக்குப் போன ஓர் இளைஞன், தன் வாழ்வில் முதன்முறையாகக் கூட்ட அறிக்கை எழுதியதும் பிறர் பணத்துக்குக் கணக்குக் காட்டியதும் கழகத்தில்தான் என்பது பல ஊர்களில் நடப்பது. பின்னாளில் கூட்டுறவுச் சங்கத்தில் அவனே பொருளாளராக அமர்கிறான்.

கணக்குப் பிழைத்தால் என்ன நேரும் என்பதையும் கழகங்கள் காட்டுகின்றன. ஒருவரே ஆண்டுக்கணக்கில் தலைவராக இருப்பது, கூட்டம் கூடாமல் முடிவெடுப்பது, சேர்ந்த பணம் எங்கே என்று கேட்டவரை விலக்குவது போன்ற நோய்களால் இரண்டாகப் பிளந்த கழகங்கள் உண்டு. பெரிய இடங்களும் இதற்கு விலக்கல்ல. நிர்வாகத்தில் வெளித் தலையீடு, தேர்தல் சர்ச்சை ஆகியவற்றின் காரணமாக இலங்கையின் உதைபந்தாட்டச் சம்மேளனத்தையே பீபா 2023 ஜனவரியில் இடைநிறுத்தியது. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில்தான் தடை நீங்கிற்று.

இடைவெளிகளை வாசிப்போம்

கழகத்தின் அலுமாரியில் வெற்றிக்கிண்ணங்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றில் பொறித்துள்ள ஆண்டுகளைப் பார்த்து வரலாறு சொல்வது வழக்கம். நாம் வேறொரு விதமாகப் பார்க்கச் சொல்கிறோம். எந்த ஆண்டுகளுக்குக் கிண்ணம் இல்லை என்று பாருங்கள். இந்த மாவட்டத்தில் அந்த இடைவெளிகளே பெரும்பாலும் ஊரின் உண்மையான வரலாற்றைச் சொல்லும்.

1964 டிசம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்ததோடு தலைமன்னாரையும் மன்னார்க் கரையையும் தாக்கியது. அது கடல் உண்டாக்கிய இடைவெளி. பின்னர் வந்தவை மனிதர் உண்டாக்கியவை.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. தலைமன்னாருக்கான புகையிரதம் நின்றது. தீவையும் பெருநிலப்பரப்பையும் இணைத்த பாலம் தகர்க்கப்பட்டது. படகேறி இராமேஸ்வரம் சென்றவர்கள் மண்டபம் முகாமுக்கும் அங்கிருந்து தமிழ்நாட்டின் பல மாவட்ட முகாம்களுக்கும் போனார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மடுத் திருத்தலத்தைச் சுற்றிக் கொட்டில் போட்டுத் தங்கின. ஓர் அணியின் பதினொருவரில் நால்வர் இந்தியாவில், மூவர் மடுவில், இருவர் கொழும்பில், மற்றவர் பற்றித் தகவலில்லை என்ற நிலை வந்தால் கழகம் எப்படி நடக்கும்?

தீவு ஒரு தரப்பின் கட்டுப்பாட்டிலும் பெருநிலப்பரப்பின் பெரும்பகுதி மறு தரப்பின் கட்டுப்பாட்டிலும் நீண்டகாலம் இருந்தன. அடம்பன் பக்கத்து இளைஞனும் பேசாலை இளைஞனும் ஒரே மாவட்டத்தவராக இருந்தும் ஒரு மைதானத்தில் சந்திப்பது அரிதாயிற்று. 1995இல் கொழும்பில் நடந்த தெற்காசியக் கிண்ண இறுதியாட்டத்தில் இலங்கை 1-0 என்று இந்தியாவை வென்றது. நாடே கொண்டாடிய அந்நாளில் எமது மாவட்டத்து இளைஞர் ஊரைவிட்டு வெளியே போகப் பாஸ் கேட்டு வரிசையில் நிற்க வேண்டியிருந்தது.

1999 நவம்பர் 20 இரவு மடுவில் தஞ்சமடைந்திருந்தோர்மீது எறிகணைகள் வீழ்ந்து பலர் உயிரிழந்தனர். 2002 பெப்ரவரியில் போர்நிறுத்தம் வந்தபோது மைதானங்கள் மீண்டும் உயிர்பெற்றன. 2006 ஜூன் 17இல் பேசாலை வெற்றிநாயகி ஆலயத்தில் ஒதுங்கியிருந்த மக்கள்மீது தாக்குதல் நடந்தது. 2007இலும் 2008இலும் முசலி, மாந்தை மேற்குப் பகுதி மக்கள் ஊர்களை விட்டு வெளியேறினர். 2009 மே மாதத்தில் போர் முடிந்தது. 2010இல் புதிய பாலமும், 2015இல் தலைமன்னார் புகையிரதமும் வந்தன. 2018இல் வடக்கு, கிழக்கு மாகாணங்களின் அணிகள் மோதிய பிரிமியர் லீக் போட்டியில் மன்னாரின் பெயரிலும் ஓர் அணி ஆடியது.

இப்படி ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்க்கும்போது நமக்கு ஒன்று தெரிகிறது. பாலம் அமைக்க அரசும், புகையிரதப் பாதை போட அயல்நாடும் வேண்டியிருந்தன. கழகங்களை மீண்டும் தொடங்க யாரும் வரவில்லை. திரும்பி வந்தவர்களே பற்றையை வெட்டி, கம்பம் நட்டு, பணம் சேர்த்துப் பந்து வாங்கினார்கள்.

விடுபட்ட பெயர்கள்

இந்த வரலாற்றில் நாம் நேர்மையோடு எழுத வேண்டிய ஓர் அத்தியாயம் உண்டு. 1990 ஒக்ரோபர் இறுதியில் வடமாகாண முஸ்லிம் மக்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். சுமார் 75,000 பேர் வெளியேற்றப்பட்டனர். அவர்களுள் மிகப் பெரிய தொகையினர் மன்னார் மாவட்டத்தவர். எருக்கலம்பிட்டி, உப்புக்குளம், தாராபுரம் ஆகிய ஊர்களின் மக்கள் கையில் எடுத்ததோடு படகேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். புத்தளத்து முகாம்களில் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்தது. பலர் இன்னும் அங்கேயே வாழ்கின்றனர். திரும்பியோரும் உளர்.

எருக்கலம்பிட்டியும் உதைபந்தாட்டத்தில் ஊறிய ஊர். 1990க்கு முன் எதிரெதிரே நின்று ஆடியவர்கள், ஒரு வாரத்துக்குள் எதிரணியே இல்லாதவர்களாகிப் போனார்கள். வெளியேற்றப்பட்டவர் இழந்தவை வீடும் காணியும் தொழிலும். எஞ்சியவர் இழந்தது அயலவரை. கழகத்தின் வரலாற்றை எழுதும்போது, 'அவ்வாண்டு போட்டி நடைபெறவில்லை' என்று ஒரு வரியில் கடந்துபோவது போதாது. யார் இல்லாததால் நடைபெறவில்லை என்றும் எழுத வேண்டும். பழைய ஆட்டங்களில் எதிரணியில் நின்றவர்களின் பெயர்களையும் கேட்டு எழுத வேண்டும்.

மீள்குடியேற்றம் தொடங்கிய பின் காணி, வாக்காளர் பதிவு, மீன்பிடித் துறை என்று பல விடயங்களில் இரு சமூகங்களுக்கும் இடையே மனத்தாங்கல்கள் எழுந்தன. ஒரு பந்தாட்டம் அவற்றைத் தீர்த்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டு, ஒரே நடுவரின் தீர்ப்பை ஏற்று, தோற்றபின் கைகுலுக்கிப் பிரியும் சந்தர்ப்பம் வேறெங்கே ஒழுங்காகக் கிடைக்கிறது? லீக் அட்டவணையில் அந்தச் சந்திப்பு தானாகவே வருகிறது. யாரும் நல்லிணக்கக் கூட்டம் கூட்டத் தேவையில்லை.

எழுதி வைத்ததால் தெரிந்த கதை

ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் செல்ரிக் என்ற புகழ்பெற்ற கழகம் இருக்கிறது. அயர்லாந்தில் பஞ்சத்துக்கும் வறுமைக்கும் தப்பி வந்து குடியேறியவர்களின் கழகம் அது. 1887 நவம்பர் 6ஆம் நாள் ஒரு பங்கு மண்டபத்தில் கூடித் தொடங்கினார்கள். தூண்டுகோலாக நின்றவர் மரிஸ்ட் சபைச் சகோதரர் வோல்பிரிட். பசியோடு பள்ளிக்கு வரும் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுக்கப் பணம் திரட்டுவதே நோக்கம். 1888 மே மாதம் முதல் ஆட்டத்தை ஆடி 5-2 என்று வென்றார்கள்.

கழகம் வளர்ந்தது. பணம் சேர்ந்தது. 1892இல் வோல்பிரிட் இலண்டனுக்கு மாற்றலாகிப் போனார். 1897இல் கழகம் பங்குதாரர்களின் கம்பனியாக மாறியது. பிள்ளைகளின் உணவு மேசைக்குப் போன பணம் குறைந்து நின்றுபோயிற்று.

நூற்றாண்டுக்கும் மேற்பட்ட இந்தச் செய்திகள் இன்று எப்படித் தெரிகின்றன? 1888 ஜனவரியில் நோக்கத்தை அச்சிட்டுச் சுற்றறிக்கையாக வெளியிட்டார்கள். கணக்கும் எழுதினார்கள். அதனால்தான் பின்வந்தவர், 'எதற்காகத் தொடங்கினோம், எங்கே தவறினோம்' என்று கேட்க முடிந்தது. எமது கழகங்களின் தொடக்க நோக்கத்தை எழுதி வைத்திருப்போர் எத்தனை பேர்?

மைதானத்துக்கு உறுதி உண்டா?

இது பழம்பெருமை பேசும் விடயம் மட்டுமல்ல. மன்னாரில் இன்று நிலத்தின் பெறுமதி ஏறியிருக்கிறது. 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட தம்பபவனி காற்றாலைத் திட்டத்தின் 30 கோபுரங்கள் தீவின் தென்கரை நெடுக நிற்கின்றன. 103.5 மெகாவாட் வலுவுள்ள திட்டம் அது. மேலும் காற்றாலைகள் அமைப்பதற்கும், கரையோர மணலில் இல்மனைற் அகழ்வதற்கும் எதிராக 2025இல் தீவு மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். 'வெறும் வெளி' என்று வெளியார் கண்ணுக்குத் தோன்றும் இடம் ஊரவருக்கு என்னவாக இருக்கிறது என்பதே இதில் உள்ள கேள்வி.

2007 செப்ரெம்பரில் முள்ளிக்குளம் மக்கள் ஊரைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. பின்னர் அங்கே கடற்படை முகாம் அமைந்தது. பத்தாண்டுகள் கழித்து, 2017இல் தொடர் போராட்டம் நடத்திய பின்னரே காணிகளில் ஒரு பகுதியை விடுவிக்க இணக்கம் கிடைத்தது. வீட்டுக்கும் வயலுக்கும் உறுதியோ அனுமதிப்பத்திரமோ காட்டலாம். பொதுவெளிக்கு எதைக் காட்டுவது? நாற்பது ஆண்டுகளாக இன்ன திகதியில் இன்ன போட்டி இங்கே நடந்தது என்ற பதிவேடும், ஆண்டு எழுதிய புகைப்படங்களும், அழைப்பிதழ்களும் அப்போது வலுவான சாட்சியாகும். எனவே கழக வரலாறு எழுதுவது ஊரின் பொதுச்சொத்தைக் காக்கும் வேலையுமாகும்.

எங்கள் யோசனைகள்

முதலாவது, கழகம் பதிவுசெய்யப்பட்டுள்ளதா என்று பாருங்கள். 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்யலாம். பிரதேச செயலகத்தின் விளையாட்டு உத்தியோகத்தரை அணுகினால் விபரம் அறியலாம்.

இரண்டாவது, மைதானத்தின் எல்லைகளை அளந்து வரைபடமாக்கி, பொது விளையாட்டிடமாகப் பதியும்படி பிரதேச சபையையும் பிரதேச செயலகத்தையும் எழுத்தில் கேளுங்கள். கடிதத்தின் பிரதியில் ஒப்பமும் திகதி முத்திரையும் பெற்றுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, பாடசாலை மாணவர் நால்வர் ஐவரை முதியோரிடம் அனுப்புங்கள். முதல் பந்து எப்படி வந்தது, எந்த வெளியில் ஆடினார்கள், யார் கோல் காத்தார்கள், எதனால் ஆட்டம் நின்றது என்று கேட்டு எழுதட்டும். இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் கனடாவிலும் உள்ள பழைய வீரரிடமும் கேளுங்கள். இடம்பெயர்வில் ஊரில் அழிந்துபோன புகைப்படம் அவர்களிடம் இருக்கக்கூடும். பிரதிகளை இரண்டு இடங்களில் வையுங்கள். ஓரிடத்தில் மட்டும் வைத்தவை என்னவாயின என்பதை நாம் அறிவோம்.

நான்காவது, குறைகளையும் எழுதுங்கள். அடிதடியில் முடிந்த இறுதியாட்டங்கள், குடித்துவிட்டு மைதானத்தில் இறங்கியோர், ஊர்ப்பகையாக மாறிய ஆட்சேபங்கள் எல்லாம் வரலாறுதான். பெண்பிள்ளைகளுக்கு இடமளிக்காததும் ஒரு குறை. யாழ்ப்பாணத்தில் தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரி மாணவிகள் அகில இலங்கைச் சம்பியன்களாக வந்து காட்டியிருக்கிறார்கள். அவர்களால் முடியுமென்றால் கடலோரத்துப் பெண்பிள்ளைகளால் முடியாதா? மீன் விற்ற காசில் மகனுக்குச் சப்பாத்து வாங்கிக் கொடுத்த தாய்மாரின் பெயர்களும் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எண்பது வயதைத் தாண்டிய பழைய ஆட்டக்காரர் இன்னும் சில ஊர்களில் இருக்கிறார்கள். பின்னேர ஆட்டத்தை மைதான ஓரத்தில் இருந்து பார்க்கிறார்கள். கேட்டால் சொல்வார்கள். ஒரு கொப்பியும் பேனையும் கொண்டுபோய் அவர்கள் பக்கத்தில் இருப்பதற்கு நிதியுதவி எதுவும் வேண்டியதில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமையே தொடங்கலாம்.